சகலனுக்கு வைத்த சகன்

ஏலத்தில் ஒருவனைப் பழிவாங்க வேண்டுமென்றால் அவனை வெல்லவிட்டால் போதும் என்று நான் நம்பினேன். இதைப் பதினெட்டு வயதில் நம்பவில்லை. தலையில் பாதி மயிர் போய், மீதிக்கு மருதாணி போடுகிற வயதில் நம்பினேன். நம்பியதோடு நிற்கவுமில்லை. அந்த நம்பிக்கைக்காக ஒரு தட்டை இரண்டு மாதம் கோழிக்கூட்டுக்குள் புதைத்து வைத்தேன்.

பழிவாங்கப்பட வேண்டியவன் என் சகலன். அவன் மனைவியும் என் மனைவியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்கு. மாமி தன் வளவை நடுவால் பிரித்து, கிழக்குப் பக்கத்தை மூத்த மகளுக்கும் மேற்குப் பக்கத்தை இளைய மகளுக்கும் எழுதிவிட்டார். அதனால் நான் வெறுக்கிற மனிதன் என் குசினி யன்னலிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் நின்று பல் விளக்குகிறான். மற்றவர்கள் பகைவனைத் தேடிப் போகவேண்டும். எனக்கு அந்த அலைச்சல் இல்லை.

கல்முனை பஸாரில் அவனுக்குப் புடைவைக் கடை, எனக்கு சைக்கிள் சாமான் கடை. இருவருக்கும் பைத்தியம் ஒன்றுதான்: பழஞ்சாமான். வெற்றிலை வட்டா, படிக்கம், ஒல்லாந்தர் காலத்துப் பூட்டு, ஊமையாகிப் போன மணிக்கூடு, எதுவானாலும் சரி. ஒரு காலத்தில் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் தேடித் திரிந்தோம். அவன் ஓட்டுவான், நான் பின்னாலிருந்து வழி சொல்வேன். பிறகு சவளக்கடை விசயம் நடந்தது.

அன்று நான் தனியாகப் போயிருந்தேன். சவளக்கடைக் கிராமத்தில் ஒரு விவசாயியின் வீட்டில் தண்ணீர் கேட்டேன். அவர் செம்பை எடுக்க உள்ளே போனபோது விதைநெல் சாடி கண்ணில் பட்டது. சாடியை ஒரு பெரிய தட்டால் மூடி, எலி தள்ளாமல் மேலே கல் வைத்திருந்தார்கள். கல்லைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையில் நீலம். நடுவில் இரண்டு மீன், விளிம்பைச் சுற்றி அலை. சீனாவில் சுட்ட சகன். ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுகிற தட்டை நாங்கள் சகன் என்போம். இப்போது கலியாண வீடுகளில் அலுமினியத்தில் வருகிறது. இது கப்பலில் வந்த காலத்துச் சகன். நெல்லுக்கு மூடியாக எப்படி ஆனது என்று அந்த வீட்டாருக்கே தெரியாது.

கல்லைத் திரும்ப வைத்தேன். முகத்தில் தெரிந்த ஆசையை மறைக்க மூன்று செம்பு தண்ணீர் குடித்தேன். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, இந்த மூடி சரியான பாரமா இரிக்கே. நல்ல அலுமினிய மூடி ஒண்டு கொண்டு வந்து தாறன், இத எனக்குத் தாறீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, அதுக்கென்ன," என்றார்.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவசரம் காட்டினால் சாமானின் மதிப்புத் தெரிந்துவிடும், அதனால் மூன்று நாள் தவணை. ஓர் அலுமினிய மூடிக்கு ஒரு சீனத்துச் சகன்! இதற்கு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கப்பட நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு வேலிக்கு மேலால் சகலனிடம் பெருமையடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மூடியோடு போனேன். சாடி ஏற்கனவே மூடியிருந்தது. புது அலுமினிய மூடி. என் கையிலிருந்ததைவிடத் தடிப்பு.

"உங்கட ஆள்தானே நேத்து வந்தார்," என்றார் விவசாயி. "நீங்கதான் அனுப்பினதாச் சொன்னார். மூடியும் தந்து, வேணாம் வேணாமெண்ட காசும் தந்திட்டுப் போனார். நல்ல மனுசன்."

என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பேன். நான் ஏமாற்ற வைத்திருந்த மனிதருக்கு அவன் காசு கொடுத்திருக்கிறான். என் பேரைச் சொல்லி உள்ளே போய், நல்ல மனுசன் என்ற பேரைத் தனக்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதை எப்படிப் பொறுப்பது?

சகன் கொழும்புக்குப் போய் ஒரு பெரிய ஏல விற்பனையில் விலைபோனது. ஏலத்துக்கு அடித்த பளபளப்பான புத்தகத்தில் அதற்கு முழுப் பக்கப் படம். கீழே 'கிழக்கிலங்கைத் தனியார் சேகரிப்பு' என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தைப் பெருப்பித்து, சட்டம் போட்டு, ஹோலில் மாட்டினான். எனக்கும் ஒரு புத்தகம் கொண்டுவந்து தந்தான். "மச்சான், நீயும் பாத்துப் படி," என்றான். பெருநாளைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தின் கீழ் நின்று சவளக்கடைக் கதை சொல்வான். அவன் சொல்கிற கதையில் மூன்று செம்பு தண்ணீர் குடித்தவன் அவன்.

நான் பல வருடம் காத்திருந்தேன். அவன் வீட்டுத் தண்ணீர்ப் பம்பு பழுதானால் எனக்கு அன்றைக்குச் சோறு இரண்டு கோப்பை அதிகம் இறங்கும். ஆனால் பம்பு பழுதாவது பழியில் சேராது. அல்லாஹ்வின் கணக்கில் போய்விடும். என் கையால் ஒன்று நடக்கவேண்டும்.

கொழும்புப் புறக்கோட்டைக்கு டயர் எடுக்கப் போன இடத்தில் வழி திறந்தது. ஒரு பாத்திரக் கடை வாசலில் அதே சகன். ஒன்றல்ல, பதினைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக. அதே நீலம், அதே இரண்டு மீன். புதிதாக யந்திரத்தில் அச்சடித்தது. அடியில் மைக்ரோவேவில் வைக்கலாம் என்பதற்கு ஒரு குறி. நடுத்தெருவில் நின்று சிரித்தேன். இரண்டு வாங்கினேன்.

திட்டம் இதுதான். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் மினாரா கட்டுகிறார்கள். ஊரார் நேர்ச்சையாகக் கொண்டுவரும் சேவல், முட்டை, பலாப்பழம், கன்னிக்காய்த் தேங்காய் எல்லாவற்றையும் ஜும்ஆ முடிந்ததும் முற்றத்தில் ஏலம் போட்டு அந்தக் காசை மினாராவுக்குச் சேர்ப்பார்கள். ஒரு சகனைப் பழசாக்கி, அங்கே கொடுத்துவிடுவது. சகலன் பாய்ந்து விழுவான். நான் எதிர்த்துக் கேட்டு விலையை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. பெருநாளன்று ஊர் கூடியிருக்கும்போது இரண்டாவது சகனைப் பெட்டியோடு கொண்டுபோய், அவன் படத்துக்குக் கீழே, அவன் ஏலத்தில் எடுத்த சகனுக்குப் பக்கத்தில் வைத்து, "மச்சான், உனக்கு ஜோடி கொண்டு வந்திரிக்கன்," என்று சொல்வது. அந்த வசனத்தைக் கடையில் ஆளில்லாத நேரத்தில் சைக்கிள் மணிகளைப் பார்த்துப் பலதடவை சொல்லிப் பழகினேன்.

அடிக் குறியைத் தேய்த்து எடுத்தேன். தேயிலைச் சாயத்தில் ஒரு வாரம், புளிக் கரைசலில் ஒரு வாரம் ஊறவைத்தேன். பிறகு கோழிக்கூட்டில் குழி தோண்டினேன். மனைவி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க, என்னத்தப் புதைக்கிறீங்க?"

"சகன்."

"ஏன், சகன் மௌத்தாப் பெய்த்தா?"

"பழசாக்குறன் புள்ள."

"பழசாக்கிறதுக்கு இவ்வளவு பாடா? உங்களப்போல சும்மா கிடந்தாலே ஆகிருமே."

பள்ளிக்குக் கொடுக்கப்போகிறேன் என்றதும் அவள் முகம் மாறியது. அக்கா வீட்டு வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "ராத்தாட மாப்புளையோட கோபமெண்டா வேலியால எட்டி ஏசிப்போட்டு வாங்க. அல்லாட பள்ளியில போய் விளையாடாதீங்க," என்றாள்.

நான் அதையும் யோசித்து வைத்திருந்தேன். பள்ளிக்கு நட்டமில்லை, காசு மினாராவுக்குப் போகிறது. நான் பொய்யும் சொல்லப்போவதில்லை. நட்டம் ஒரே ஓர் ஆளுக்கு. அந்த ஆளைச் சவளக்கடையிலேயே அல்லாஹ் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். இப்படி எனக்கு நானே மார்க்கத் தீர்ப்பு, பத்வா, கொடுத்துக்கொண்டேன். பொய் சொல்வதில்லை என்ற முடிவு, ஏலம் போடுகிற பள்ளி நிர்வாகியான மரைக்காரிடம் சகனை ஒப்படைக்கப் போனபோதுதான் எவ்வளவு கஷ்டமானதென்று தெரிந்தது.

"இது பழசா தம்பி?" என்று கேட்டார்.

"அல்லாஹ்தான் அறிவான்."

"எந்தக் காலத்துச் சாமான்?"

"அல்லாஹ்தான் அறிவான்."

"எங்க எடுத்த?"

"அல்லாஹ்..."

"தம்பிக்கு ஏதும் சுகமில்லையா?"

அன்றைய குத்பாப் பிரசங்கம் எதைப் பற்றியதென்று எனக்கு நினைவில்லை. எதைப் பற்றியிருந்தாலும் அது என்னைப் பற்றியதென்றே பட்டது. கதீப் திரும்புகிற பக்கமெல்லாம் நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

தொழுகை முடிந்து முற்றத்துக்கு வந்தோம். இரண்டு சேவல் போயின. பலாப்பழம் போனது. மரைக்கார் சகனை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "பழைய சாமான் போல இரிக்கி. ஒரு சகோதரர் தந்தது," என்றார், நான் கேட்டுக்கொண்டபடி பேரைச் சொல்லாமல். சகலன் முன்னால் போய் அதை வாங்கினான். நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டான். அடியைத் தடவினான். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். பிறகு மெல்லச் சிரித்தான். ஆசைச் சிரிப்பு என்று நினைத்தேன்.

"ஐயாயிரம்," என்றான்.

"பத்து," என்றேன். என் குரல் சேவலின் குரல் மாதிரி வந்தது. இரண்டு பேர் சேவல் விற்றுமுடியவில்லையோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் இருபது. நான் முப்பது. அவன் நாற்பது. முற்றம் எங்களைச் சுற்றி நெருங்கியது. இரண்டு பழஞ்சாமான்காரர் மோதுகிறார்கள், அதுவும் சகலன்மார். நான் ஐம்பத்தைந்து என்றேன். சகலன் வாய் திறக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். சாரன் தலைப்பால் துடைத்தான். ஒரு பக்கம் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மற்றப் பக்கம் துடைத்தான். "ஒருதரம்," என்றார் மரைக்கார். என் முதுகால் வியர்வை ஓடி இடுப்பு வாரில் தேங்கியது. "ரெண்டுதரம்." எனக்குத் தெரிந்த துஆக்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. நோன்பு திறக்கிற துஆவைக்கூட ஓதினேன்.

"அறுபது," என்றான் சகலன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

நான் கையை விரித்தேன். மூன்றுதரமும் முடிந்தது. வென்றுவிட்டான்! பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலில் எண்ணத் தொடங்கினேன்.

சகலன் மரைக்காரின் கையிலிருந்து மைக்கை வாங்கினான். "இந்தச் சகன நான் பள்ளிக்கே திருப்பிக் குடுக்கிறன்," என்றான். "இன்னொருக்கா ஏலம் போடுங்க."

"மாஷா அல்லாஹ்!" என்றது முற்றம்.

இது எங்கள் பள்ளி ஏலத்தின் வழமை. முதல் சாரன் உடுத்த காலத்திலிருந்து பார்த்துவருகிறேன். ஒருவர் சேவலை ஏலத்தில் எடுப்பார், திருப்பிக் கொடுப்பார். அடுத்தவர் எடுப்பார், திருப்பிக் கொடுப்பார். ஒரே சேவல் ஐந்து முறை விலைபோய், கடைசியில் யாருடையதென்று அதற்கே தெரியாமல் நிற்கும். வென்றதைத் திருப்பிக் கொடுப்பதில்தான் மரியாதை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? சேவலைத் திருப்பிக் கொடுப்பார்கள், சீனத்துச் சகனை யார் திருப்பிக் கொடுப்பான் என்று நினைத்தேன். நான் கொடுத்திருக்க மாட்டேன். என்னை வைத்து அவனை அளந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பழி பலிக்கவில்லை என்று வீட்டுக்குப் போயிருப்பேன். இரண்டாவது ஏலத்தில் ஒரு புதுக் குரல் வந்தது.

"பத்தாயிரம்."

சமையல் காக்கா. ஊர்க் கலியாணங்களுக்கெல்லாம் அடுப்பு மூட்டுகிற மனிதர், ஊருக்கே காக்கா, அதாவது அண்ணன். சேவல் ஏலத்தில்கூட அவர் வாய் திறந்து யாரும் கண்டதில்லை. பக்கத்தில் நின்றவர் அவர் தோளைப் பிடித்தார். "காக்கா, அண்டா வாங்கச் சேர்த்த காசா?"

"அண்டா பொறகு வாங்கலாம். மகள்ர கலியாணம் வருது. மாப்புளைக்கி முதல் சாப்பாட்ட இதுல வெச்சிக் குடுக்கணும். ஊருக்கெல்லாம் நான் சகன் வெச்ச, என்ட மகளுக்கு நான் அலுமினியத்திலயா வெக்கிற?"

 என் பத்வாவில் நட்டம் ஒரே ஓர் ஆளுக்குத்தான். இந்த ஆள் அதில் இல்லை. சகலனைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏலத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காக்காவைக் காப்பாற்ற ஒரே வழி அவரை முந்துவது. "பதினைஞ்சு," என்றேன்.

"பாத்தீங்களா," என்றார் காக்கா பக்கத்தவரிடம். "தம்பி சாமான் தெரிஞ்ச ஆள். அவர் சும்மா கேக்க மாட்டார். இருபத்தஞ்சு!"

நான் முப்பது என்றேன். அவர் நாற்பது என்றார். நான் கேட்கக் கேட்க அந்த மனிதருக்கு நம்பிக்கை கூடியது. நான் ஏற்றுகிற ஒவ்வோர் ஐயாயிரமும் அந்தச் சகனுக்கு நான் எழுதிக் கொடுக்கிற சான்றிதழ். தலையை ஆட்டிக் காட்டினேன். கண்ணைச் சிமிட்டினேன். கடைசியில் வாய்விட்டே சொன்னேன்: "காக்கா, விடுங்க காக்கா. அவ்வளவுக்குப் பெறாது."

"அப்ப நீங்க என்னத்துக்குக் கேக்கிறீங்க?"

முற்றம் வெடித்துச் சிரித்தது. இதற்குச் சரியான பதில் என்னிடம் இருந்தது. இது போலிச் சாமான், செய்தவன் நான். அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முன்வரிசையில் என் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஹஸ்ரத் இருந்தார். அவருக்குப் பின்னால் என் கடையில் வாடிக்கையாகச் சாமான் எடுக்கிற பாதி ஊர். திறந்த வாயால் வெளியே வந்தது வேறு.

"எம்பதாயிரம்!"

அதற்குள் காக்கா அறுபத்தைந்துக்கு ஏறி நின்றிருந்தார். அவர் விரல்கள் மடங்கி, விரிந்து, பிறகு கீழே இறங்கின. "அல்லாட நாட்டம்," என்றார். மூன்றுதரமும் முடிந்தது.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரைக்கார் மைக்கை என் வாய்க்குக் கிட்ட நீட்டினார். "தம்பி, திருப்பிக் குடுக்கிறீங்கதானே?"

திருப்பிக் கொடுத்தால் காக்கா மறுபடியும் கேட்பார். அவருடைய அறுபத்தைந்து இன்னும் அவர் மடியிலேயே இருக்கிறது.

"இல்ல," என்றேன். "நான் கொண்டு போறன்."

மாஷா அல்லாஹ் என்று ஒருவரும் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் மெல்லக் கேட்டது: "ஒரே ஊட்டுல கலியாணம் முடிச்ச ரெண்டு பேர். வித்தியாசத்தப் பாருங்களன்."

சகனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன். சகலன் பக்கத்தில் வந்து குனிந்து தன் செருப்பைப் போட்டான்.

"மச்சான், சகன் கோழி மணக்குதே. நீ கூட்டுக்க குழி தோண்டுறத வேலியால கண்டனான்."

நான் சகனை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"நீ இந்தப் பள்ளிக்கு ஒரு முட்டை குடுத்து நான் கண்டதில்ல. நீ சீனத்துச் சகன் குடுத்தா நான் என்ன நினைக்கிற?"

"தெரிஞ்சும் என்னத்துக்குடா ஏலம் கேட்டாய்?"

"மினாரா கட்ட வேணாமா?" என்று சொல்லிவிட்டுப் போனான். அறுபதாயிரத்துக்கு அவன் ஊரில் வாங்கிய மரியாதையை நான் எந்தக் கடையில் போய் வாங்குவேன்?

வாசலில் சமையல் காக்கா நின்றார். "தம்பி, கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க. கலியாணத்தண்டைக்கி மட்டும் இரவலாத் தருவீங்களா?"

"கொண்டு போங்க காக்கா. உடஞ்சாலும் பரவாயில்ல."

எண்பதாயிரத்துச் சாமானை உடைந்தாலும் பரவாயில்லை என்கிறானே என்று அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து துஆச் செய்தார். இதே மாதிரி இன்னொன்று வீட்டில் பெட்டியோடு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். ஏசவில்லை. "எம்பதாயிரமா? கோழிக்கூட்டுச் சகனுக்கா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டுவிட்டு, வேலிப்பக்கம் போய்த் தன் ராத்தாவைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் வேலியின் இரண்டு பக்கத்திலிருந்தும் சிரிப்புக் கேட்டது.

பள்ளிக் காசை அடுத்த ஜும்ஆவுக்கு முன் கட்டவேண்டும். கடையில் எனக்கிருந்ததெல்லாம் டயரும் செயினும். அலுமாரியில் விலைபோகக்கூடிய சாமான் ஒன்றுதான் இருந்தது: வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. கழுத்தில் பறவை வைத்தது. மாவடிப்பள்ளியில் ஒரு வீட்டில் கேட்ட விலையைக் கேட்டபடியே கொடுத்து, ஒருவரையும் ஏமாற்றாமல் நான் வாங்கிய ஒரே சாமான். பஸாரில் நகைக் கடைக்காரர் அதைத் தராசில் போட்டார், உருக்கத்தான் எடுப்பாராம். கொழும்பு ஏலத்துக்குக் கொடுத்தால் காசு வர மாதக்கணக்காகும். நாலு நாளுக்குள் பழஞ்சாமானைப் பழஞ்சாமானாக வாங்கக்கூடியவன் எங்கள் ஊரில் ஒருவன்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலியைச் சுற்றிப் போய் அவன் முன்வாசலால் நுழைந்தேன். பன்னீர்ச் செம்பை மேசையில் வைத்தேன். அவன் அடிமாட்டு விலைக்குக் கேட்பான், அதை வைத்து மிச்ச ஆயுள் முழுக்க அவனை வெறுக்கலாம் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொழும்பில் என்ன விலை போகுமோ அந்த விலையைச் சொன்னான். சொன்னதை எண்ணித் தந்தான். நான் புதன்கிழமை காலையில் பள்ளிக்குக் காசைக் கட்டினேன். பன்னீர்ச் செம்பு அவன் ஹோலில் இருக்கிறது.